டாங்க் தப்பியது, ஊர் செத்தது!



விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு, போடியில் ஜீப்பு ஏறி, மெட்டு கடந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை நாம் அறிவோம். குரங்கணிச் சரிவில் மருந்தடிக்கப் போகும் தோழர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார்:

"பெரிய பெரிய ஆலையிலே டாங்க் வெடிக்குது, விஷவாயு கசியுதுன்னு பேப்பர்ல போடுறாங்க. அதை இஞ்சினீர் பார்த்துக்குவான். காட்டிலே கிடக்கிற நமக்கும் அதுக்கும் என்ன அண்ணே?"

நியாயமான கேள்விதான். ஆனால் போபாலில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற டாங்கில் இருந்த சரக்கு எது? பூச்சிமருந்து செய்வதற்கான சரக்கு! அந்தச் சரக்கிலிருந்து கார்பாரில் என்ற மருந்து தயாராயிற்று. வயலிலும் தோட்டத்திலும் ஏழை விவசாயத் தொழிலாளி அடித்த மருந்து அது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2018ல்தான். ஆகவே ஆலைக்காரன் டாங்குக்கும் தோட்டக்காரன் டிரம்முக்கும் நடுவில் உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. இரண்டின் பக்கத்திலும் நிற்கிறவன் தொழிலாளி. இதை இஞ்சினீர் சமாசாரம் என்று விட்டுவிட முடியாது.

டாங்கும் மூச்சு விடும்

தகர டின்னில் எண்ணெய் வாங்கியவர்களுக்கு இது தெரியும். ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் 'குடுக், குடுக்' என்று விக்கி விக்கி இறங்கும். எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டால் சீராக விழும். ஏன்? எண்ணெய் வெளியே போக வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும்.

ஆலையின் டாங்கும் அப்படித்தான். மோட்டார் போட்டு நிரப்பினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். சரக்கை இறக்கினால் வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். பகல் வெயிலில் சூடேறினால் வாயு விரியும். திடீரென்று மழை கொட்டினால் சுருங்கும். இதற்காகத்தான் டாங்கின் தலையில் ஒரு குழாய் வைக்கிறார்கள். வென்ட் பைப் என்று மில்லில் சொல்வது இதுதான். டாங்குக்கு இது மூக்கு.

இந்த மூக்கை அடைத்தால் என்ன ஆகும்? நிரப்பும்போது அடைபட்டால் டாங்க் பிளக்கும். இறக்கும்போது அடைபட்டால் உறிஞ்சிய பிளாஸ்டிக் பாட்டில் போல உள்வாங்கி நசுங்கும். மெல்லிய தகட்டு டாங்க் உள்ளிருந்து தள்ளுவதையாவது ஓரளவு தாங்கும். உறிஞ்சுவதை அந்த அளவு கூடத் தாங்காது. பூச்சி விழுகிறது, தூசி விழுகிறது என்று யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு சாக்கையோ பிளாஸ்டிக் பையையோ குழாய் வாயில் கட்டிவிடுவார். அந்தச் சாக்குத்துண்டே ஒரு டாங்கைச் சாய்க்கப் போதும். பெயின்ட் அடிக்கும்போது மூடிய துணியை எடுக்க மறந்தாலும் இதே கதிதான்.

சாயப்பட்டறையிலும் சலவைப் பிரிவிலும் வேலை செய்யும் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளுப்பதற்கு வாங்கும் பெராக்சைடு, அழுக்கோ துருவோ பட்டால் தானாகவே சிதைந்து வாயுவாகப் பெருகும். அந்த டாங்கையோ பீப்பாயையோ காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவது வெடிகுண்டு செய்வதற்குச் சமம். 

வழிகிற சரக்கு எங்கே போகிறது?

இரண்டாவது குழாய், வழிந்தோடும் குழாய். வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் கூட இது உண்டு. மோட்டாரை நிறுத்த மறந்தால் தண்ணீர் அதன் வழியே கொட்டும். ஆனால் வழிவது தண்ணீராக இல்லாமல் திராவகமாக இருந்தால்?

இங்கே சில சாதாரணக் கணக்குகள் உண்டு. வழிந்தோடும் குழாய், நிரப்பும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே தள்ளுவது மோட்டாரின் பலம். வெளியே விழுவது சரக்கின் சொந்த எடை மட்டுமே. குழாய் சிறிதாக இருந்தால் சரக்கு மூக்கு வழியாகவே பீறிட்டுத் தொழிலாளியின் தலையில் கொட்டும். அந்தக் குழாயின் வாய் நடைபாதையில் திறக்கக் கூடாது. டாங்கைச் சுற்றிக் கட்டிய தடுப்புச் சுவருக்குள் திறக்க வேண்டும். அந்தச் சுவருக்குள் மிகப் பெரிய டாங்கின் சரக்கு முழுவதும் அடங்கி, அதற்கு மேலும் பத்தில் ஒரு பங்கு இடம் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட வழக்கம். மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கும் சுவருக்குள் விஷத்துக்கு இடம் ஏது? ஆகவே மழைநீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். வெளியேற்றியபின் வால்வை மூட வேண்டும். வெளுப்புக் காரத்தின் டாங்கையும் திராவக டாங்கையும் ஒரே சுவருக்குள் வைக்கவே கூடாது. இரண்டும் வழிந்து கலந்தால் எழுவது குளோரின் வாயு. முதலாவது உலக யுத்தத்தில் சிப்பாய்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது!

இதில் எது நமக்குப் புரியாதது? எதற்கு வெளிநாட்டுப் பட்டம் வேண்டும்? எண்ணெய் டின்னுக்குத் துளை போடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

போபாலில் நடந்தது என்ன?

1984 டிசம்பர் 2ந் தேதி இரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலை. 610ஆம் எண் டாங்கில் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய சரக்கு சுமார் 40 டன் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே கொதிப்பு எழுந்தது. அழுத்தம் ஏறியது. பாதுகாப்பு வால்வு திறந்தது. வாயு முழுவதும் உயரமான குழாய் வழியே ஆகாயத்தில் ஏறி, தூங்கிக் கிடந்த ஏழைக் குடிசைகளின் மேல் இறங்கியது.

தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். அன்று டாங்க் வெடிக்கவில்லை! வால்வு செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. வென்ட் குழாய் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. முதலாளியின் டாங்க் தப்பியது, ஊர் செத்தது!

அப்படியானால் மூக்கு மட்டும் இருந்தால் போதாது. மூக்கின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. போபாலில் காகிதத்தில் எல்லாம் இருந்தது. டாங்கைக் குளிர வைக்கும் இயந்திரம் இருந்தது; 1984 ஜூனிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். வெளியேறும் வாயுவைக் காரநீரில் கழுவும் கோபுரம் இருந்தது. அது இயங்காமல் நின்றது. மிச்சத்தை எரிக்கும் தீக்கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றிக் கிடந்தது. தண்ணீர்த் திரை இருந்தது. அதன் தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. அவை எல்லாம் சரியாக ஓடியிருந்தாலும் அவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்கும் அளவுக்கு அவை கட்டப்படவில்லை. ஊரை எழுப்ப வேண்டிய சங்கையும் ஊதத் தொடங்கிய சில நிமிஷங்களில் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? ஏன் கழற்றினார்கள்? மருந்து விற்பனை குறைந்தது, லாபம் குறைந்தது, செலவை வெட்டினார்கள். அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் தலையில் கட்டினார்கள். 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு பட்டு ஒரு தொழிலாளி அந்த ஆலையில் மாண்டார். தொழிற்சங்கம் எச்சரித்தது. 1982ல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் தமது சின்னஞ்சிறு வாரப் பத்திரிகையில், ஊருக்கு ஆபத்து வருகிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

நஷ்டஈட்டுக் கணக்கில் சர்க்காரே ஒப்புக்கொண்ட சாவு 5,295. உடல் கெட்டவர்கள் 5 லட்சத்துக்கு மேல். கம்பெனி 1989ல் 47 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. கூடுதல் நஷ்டஈடு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளிவிட்டது. 2010 ஜூனில் அதிகாரிகளுக்குக் கிடைத்த தண்டனை இரண்டு வருஷம், அன்றே ஜாமீன்!

ஒரு போபால் போதவில்லையா?

35 வருஷத்துக்கு மேல் கழித்து, 2020 மே 7ந் தேதி விடியற்காலை, விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலை. டாங்கில் ஸ்டைரீன் என்ற சரக்கு. கொரோனா ஊரடங்கில் ஆலை மூடியிருந்தது. சரக்கோ டாங்கிலேயே கிடந்தது. ஆலை தூங்கினாலும் சரக்கு தூங்காது. அது சூடேறினால் தானாகவே இறுகத் தொடங்கும். இறுக இறுக மேலும் சூடேறும். அதைத் தடுக்கக் குளிர் வேண்டும், அடக்கும் மருந்தும் கலக்க வேண்டும்.

ஆந்திர சர்க்கார் நியமித்த உயர்மட்டக் கமிட்டி என்ன கண்டது? குளிரூட்டும் இயந்திரத்தை மாலையில் நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. சூடு பார்க்கும் கருவி டாங்கின் அடியில் மட்டும் இருந்தது. மேல் பாகம் கொதித்தது தெரியவில்லை. அடக்கும் மருந்து போதவில்லை. சங்கை ஊதுவதற்கு 36 இடங்களில் பொத்தான் இருந்தும் ஊதவில்லை! டாங்கின் தலையிலிருந்த திறப்புகள் வழியே ஆவி பீறிட்டு, பக்கத்துக் கிராமமான வெங்கடாபுரத்தில் இறங்கியது. 12 பேர் மாண்டார்கள். இங்கேயும் டாங்க் நின்றது, ஜனங்கள் விழுந்தார்கள்.

நம் தமிழ்நாட்டில்? 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைக் கழிவைச் சுத்தம் செய்யும் நிலையம். அங்கே கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் நள்ளிரவு கடந்து இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள் மேல் விஷச்சேறு பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலைப் பதனிட்டு உலகத்துக்குச் செருப்புப் போட்ட கைகள், அந்தத் தோலின் கழிவிலேயே அமிழ்ந்தன. வேலை செய்கிற இடமே படுக்கிற இடமாகவும் இருந்ததால் வந்த சாவு அது.

பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தில் பன்ஸ்பீல்டு என்ற இடத்தில் 2005 டிசம்பர் 11ந் தேதி என்ன நடந்தது? பெட்ரோல் டாங்கின் அளவுகாட்டும் முள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. அளவு மீறினால் தானாக நிறுத்த வேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. டாங்க் நிறைந்து பெட்ரோல் அருவியாக வழிந்தது. ஆவி மேகமாகப் பரவித் தீப்பற்றியது. 43 பேருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையாக இருந்ததால் சாவு இல்லை. வேலைநாளின் நடுப்பகலாக இருந்திருந்தால்? முள் பொய் சொல்லும். ஆகவே முள்ளை நம்பாத இரண்டாவது காவல் வேண்டும். அந்தக் காவலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். இதுதான் அங்கே கிடைத்த பாடம்.

'தொழிலாளியின் கவனக்குறைவு'

எங்கே விபத்து நடந்தாலும் முதலில் வருகிற வார்த்தை இதுதான். போபாலிலும் ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று கம்பெனி கதை கட்டியது. 

ஒருவன் வால்வை மூட மறக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குக் கண் சொக்காதா? மனிதன் மறப்பான் என்பதற்காகத்தானே வழிந்தோடும் குழாய், தடுப்புச் சுவர், அபாயச் சங்கு எல்லாம் வைப்பது! மறதியை மன்னிக்கும்படி டாங்கைக் கட்டுவது முதலாளியின் கடமை. கட்டாமல் விட்டுவிட்டு மறந்தவனைக் குற்றவாளி என்பது, கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுந்த குழந்தையை அடிப்பது போன்றது.

உச்ச நீதிமன்றமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1985 டிசம்பரில் டில்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற திராவக வாயு கசிந்த வழக்கில், 1986ல் தீர்ப்பு வந்தது. அபாயகரமான தொழில் நடத்தி லாபம் எடுக்கிறவன், 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. வந்த கேடு முழுவதுக்கும் அவனே பொறுப்பு என்றார்கள். 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, உடனடி ஆபத்து என்று கண்டால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுத்தார்கள். போபாலில் மாண்டவர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து அது.

ஆனால் சட்டம் சிறிய இடங்களை எட்டுகிறதா? 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பதை 20 பேர் என்று உயர்த்திவிட்டது. 15 பேர் வேலை செய்யும் பட்டறையில் திராவகம் மட்டும் சாதுவாகிவிடுமா?

குரங்கணித் தோழருக்கு

இப்போது நம் தோழரின் கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் டாங்க் இல்லையா? மருந்து கலக்கும் டிரம்தான் உங்கள் டாங்க். மேட்டுத் தொட்டியிலிருந்து ஓஸ் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஓஸின் நுனியை டிரம்முக்குள் மூழ்கவிட்டு, மருந்தையும் ஊற்றிக் கலக்குகிறோம். அந்தச் சமயம் கீழே லயத்தில் யாரோ குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? தண்ணீர் பின்னோக்கி இழுக்கும். டிரம்மில் உள்ள விஷம் ஓஸ் வழியே ஏறி, பிள்ளைகள் குடிக்கும் குழாயில் இறங்கும்! இதைத் தடுக்க இயந்திரம் தேவையில்லை. ஓஸின் நுனி டிரம்மின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். நடுவில் உள்ள அந்தக் காற்று இடைவெளியை விஷம் தாண்ட முடியாது.

அடுத்தது வழிதல். ஒரே ஆள் மோட்டாரையும் பார்த்து, ஓஸையும் இழுத்து, டிரம்மையும் கவனிக்க வேண்டுமென்றால் டிரம் வழியத்தான் செய்யும். ஓடைக்கரையில் வைத்துக் கலக்கினால் வழிந்தது ஓடைக்குத்தான் போகும். இந்தச் சரிவின் ஓடைகள் கொட்டகுடி ஆற்றில் சேருகின்றன. அந்த ஆற்றை நம்பித்தான் கீழே போடி இருக்கிறது. மலையில் ஒரு டிரம் வழிந்தால், அடிவாரத்தில் மில் தொழிலாளி வீட்டுக் குடத்தில் அது விழும். ஆலைத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே தண்ணீரைக் குடிக்கிறவர்கள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

நாம் கேட்க வேண்டியவை

நம்மிடமும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். சம்பளம், போனஸ், பஞ்சப்படி என்று கோரிக்கை எழுதும் நாம், டாங்கின் மூக்கைப் பற்றி ஒரு வரி எழுதுகிறோமா? 'அபாயப்படி' என்று சில ரூபாய் நீட்டினால் வாங்கிக்கொண்டு வாயை மூடுகிறோம். அபாயத்துக்கு விலை பேசுவது அதை ஒழிப்பதாகாது. 'ரொம்பக் கேட்டால் ஆலையை மூடிவிடுவான்' என்ற பயமும் இருக்கிறது. ஆலை மூட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆலை ஓட வேண்டும், ஓட்டுகிறவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்கிறோம். ஒரு தடுப்புச் சுவரின் செலவில் மூழ்கிவிடும் ஆலை எதுவும் இல்லை. மூழ்கியதெல்லாம் சுவர் இல்லாததால்தான்.

ஆகவே அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேருங்கள்:

1. ஒவ்வொரு டாங்கின் மேலும் உள்ளே என்ன சரக்கு, எதுவரை நிரப்பலாம், பட்டால் என்ன செய்வது என்று தமிழில் எழுத வேண்டும். வெளிமாநிலத் தோழர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் எழுத வேண்டும்.

2. வென்ட் குழாயையும் வழிந்தோடும் குழாயையும் குறித்த நாளில் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியின் கையெழுத்தும் வேண்டும்.

3. அளவுகாட்டும் முள்ளுக்கு அப்பால், நிறைந்தால் கூவும் தனிச் சங்கு வேண்டும்.

4. டாங்கில் சரக்கு இருக்கும்வரை குளிரூட்டியையும் வாயு கழுவும் கோபுரத்தையும் நிறுத்தக் கூடாது. ஆலை மூடியிருந்தாலும் இது பொருந்தும்.

5. தடுப்புச் சுவர், அதற்குள் மழைநீர் இல்லாத இடம், கண்கழுவும் தண்ணீர் இவை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். டாங்கின் அருகிலோ கழிவுத் தொட்டியின் அருகிலோ எவரையும் படுக்க வைக்கக் கூடாது.

6. சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஆலைக்குள் மட்டுமல்ல, பக்கத்து ஊருக்கும் சொல்லித்தர வேண்டும்.

7. தோட்டத்தில் மருந்து கலக்கும் இடம் ஓடையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். டிரம்முக்கு ஒருவர், மோட்டாருக்கு ஒருவர் வேண்டும். கழுவத் தண்ணீரும் சோப்பும் வேண்டும்.

இதற்கெல்லாம் கமிட்டி வரும், அதிகாரி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வேலைக்குப் போகும்போது தலையை நிமிர்த்தி உங்கள் டாங்கின் மூக்கைப் பாருங்கள். அதில் சாக்குக் கட்டியிருக்கிறதா? அதன் வாய் யார் நடக்கும் பக்கம் திறந்திருக்கிறது? வழிந்தால் எங்கே விழும்? பக்கத்தில் நிற்கும் தோழரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் மேஸ்திரியிடம் கேளுங்கள். மேஸ்திரிக்கும் தெரியாவிட்டால் சங்கத்தின் மூலம் மானேஜ்மெண்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

குறைத்த சம்பளத்தைப் போராடித் திரும்ப வாங்கலாம். போன மூச்சை எந்த ஒப்பந்தத்திலும் திரும்ப வாங்க முடியாது.